ரொடோல்ஃப் டோப்ஃபரும் சித்திரக்கதையின் தோற்றமும்: அச்சு நுட்பவழி ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

ஜெனீவாவைச் சேர்ந்த ரொடோல்ஃப் டோப்ஃபர் (1799–1846) சித்திரக்கதையின் முன்னோடியாக மதிக்கப்படுகிறார். எழுத்தையும் படத்தையும் ஒரே கை, ஒரே பேனாவால் உருவாக்க இடமளித்த அச்சு முறையே அவருடைய புதுமைக்கு அடித்தளம் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: சித்திரக்கதை, டோப்ஃபர், கல்லச்சு, முகக்குறியியல், கள்ளப்பதிப்பு.

முன்னுரை

சித்திரக்கதையின் வரலாற்றை அமெரிக்க நாளிதழ்களிலிருந்து தொடங்குவது நெடுங்கால வழக்கம். ரிச்சர்ட் அவுட்கால்ட் வரைந்த ‘மஞ்சள் பையன்’ பேச்சுக்குமிழுடன் தோன்றிய 1896ஆம் ஆண்டே இக்கலையின் பிறப்பாண்டு எனக் கருதுவோர் உளர். அதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே டோப்ஃபரின் படக்கதை நூல்கள் ஜெனீவாவில் விற்பனையாயின. எதைத் தொடக்கமாகக் கொள்கிறோம் என்பது எதைச் சித்திரக்கதை என்கிறோம் என்பதைப் பொறுத்தது. ஆகவே இது வெறும் ஆண்டுக்கணக்குப் பற்றிய விவாதம் அன்று.

ஆசிரியரும் ஓவியரும்

டோப்ஃபரின் தந்தை வொல்ஃப்கங்-ஆடம் டோப்ஃபர் புகழ்பெற்ற ஓவியர். மகனும் ஓவியராகவே விரும்பினார். கண்நோய் அதற்குத் தடையாயிற்று. ஆசிரியப் பணிக்குத் திரும்பிய அவர் 1820களில் தாமே ஓர் உறைவிடப் பள்ளியைத் தொடங்கினார். 1832இல் ஜெனீவா கல்விக்கழகத்தில் பேராசிரியரானார். 1827இல் தம் மாணவர்களை மகிழ்விக்க அவர் வரைந்ததே ‘திரு. வியூ புவா’ என்னும் கதை. அச்சிடும் எண்ணம் அப்போது அவருக்கு இல்லை.

அவருடைய கையெழுத்துப் படிகள் சில, ஃப்ரெடெரிக் சொரே வழியாக 1830–31ஆம் ஆண்டுகளில் வைமார் நகரில் கதேயின் பார்வைக்குச் சென்றன. முதுமையின் இறுதியில் இருந்த கதே அவற்றைச் சுவைத்துப் பாராட்டினார். இப்பாராட்டு டோப்ஃபருக்கு ஊக்கமளித்தது. 1831இல் வரையப்பட்ட ‘திரு. ஜாபோ’ 1833இல் அச்சாகி, 1835இல் விற்பனைக்கு வந்தது. 1837இல் ‘வியூ புவா’வும் ‘கிரெப்பின்’ கதையும் வெளிவந்தன.

மாற்றுத்தாள் கல்லச்சு

வழக்கமான கல்லச்சில் ஓவியர் கல்லின்மீது இடவலம் மாற்றி வரைய வேண்டும். எழுத்தையும் தலைகீழாகவே எழுத வேண்டும். டோப்ஃபர் மாற்றுத்தாள் முறையைக் கையாண்டார். இதில் பசை பூசிய தாளில் கொழுப்பு மையால் இயல்பாக வரைந்து, அத்தாளைக் கல்லின்மீது அழுத்துவர். உரு கல்லில் தலைகீழாகப் பதிந்து, அச்சில் மீண்டும் நேராகும். கடிதம் எழுதுவது போலவே கதையையும் எழுத முடிந்தது.

இதனால் விளைந்த பயன் மூவகைப்படும். முதலாவது, படத்தின் கோடும் அதன் கீழுள்ள எழுத்தும் ஒரே ஓட்டத்தில் அமைந்தன. இரண்டாவது, செதுக்குவோரின் இடையீடின்றிக் கையின் விரைவு அச்சிலும் தங்கியது. மூன்றாவது, கட்டங்களைப் பிரிக்கும் கோடும் அதே கையால் இடப்பட்டதால் அவற்றின் அகலம் கதையின் வேகத்திற்கேற்ப விரிந்தும் குறுகியும் அமைந்தது. படமின்றி எழுத்துக்குப் பொருளில்லை, எழுத்தின்றிப் படம் தெளிவுறாது, இரண்டும் சேர்ந்தே ஒரு வகைப் புதினம் ஆகின்றன என்று ‘ஜாபோ’ பற்றிய 1837ஆம் ஆண்டுக் குறிப்பில் டோப்ஃபரே விளக்கியுள்ளார்.

முகக்குறியியல் பற்றிய கருத்து

1845இல் வெளியிட்ட ‘முகக்குறியியல் கட்டுரை’யில் டோப்ஃபர் தம் நடைமுறையைக் கோட்பாடாக்கினார். எவ்வளவு கோணலாகக் கிறுக்கிய முகத்திலும் ஏதேனும் ஓர் உணர்வு தோன்றியே தீரும் என்பது அவர் கண்ட உண்மை. எர்ன்ஸ்ட் கோம்ப்ரிச் 1960இல் வெளியிட்ட நூலில் இதனை ‘டோப்ஃபர் விதி’ என அழைத்தார். சிரிப்பு, சினம் போன்ற மாறும் குறிகள் நம்பத்தக்கவை. நெற்றி, மூக்கு போன்ற மாறாக் குறிகளால் ஒருவரின் பண்பை உறுதிப்படுத்த இயலாது என்றும் டோப்ஃபர் வாதிட்டார். மண்டையோட்டைத் தடவிக் குணம் கூறும் அக்கால வழக்கத்தை இது மறுத்தது. பதினொரு பிள்ளைகளுக்கு ஆசான் தேடி அலையும் தந்தையின் கதையான ‘கிரெப்பின்’ அவ்வழக்கத்தையே எள்ளி நகையாடுகிறது.

கள்ளப்பதிப்புகளும் இழப்பும்

1839இல் பாரிசின் ஓபேர் நிறுவனம் டோப்ஃபரின் கதைகளை இசைவின்றிப் படியெடுத்து வெளியிட்டது. அப்படியை ஒட்டி 1841இல் லண்டனில் ஆங்கிலப் பதிப்பு வந்தது. அதுவே 1842 செப்டம்பர் 14 அன்று நியூயார்க்கின் ‘பிரதர் ஜோனத்தன்’ இதழின் இணைப்பாக வெளியாயிற்று; அமெரிக்காவின் முதல் சித்திரக்கதை நூலாக இதைக் குறிப்பிடுவர். இவற்றில் படங்களைப் பிறர் மீள வரைந்தனர். ஆங்கிலப் பதிப்பில் எழுத்தோ அச்செழுத்தாயிற்று. 1845இல் ‘கிரிப்டோகாம்’ கதை ‘லிலுஸ்த்ராசியோன்’ இதழில் மரச்செதுக்காக வந்தபோது, டோப்ஃபரின் படங்களை ஷாம் என்னும் ஓவியர் மீள வரைந்தார். இம்முறை இசைவு இருந்தது; ஆயினும் கோட்டின் உயிர் குன்றிற்று. கதை கடல் கடந்தது. அதை எழுதிய கை உடன் செல்லவில்லை.

முடிவுரை

டோப்ஃபரிடம் பேச்சுக்குமிழ் இல்லை. அவருக்கு முன்பே ஹோகார்த் போன்றோர் தொடர்படங்களில் கதை சொல்லியுள்ளனர். ‘ஆல்பேர்’ கதையில் சீர்திருத்த அரசியலாரை அவர் சாடிய முறையும் ஒருதலைச் சார்புடையதே. இவற்றை ஏற்றுக்கொண்ட பின்னும் ஒன்று எஞ்சுகிறது. பேச்சுக்குமிழை அளவுகோலாகக் கொண்டால் சித்திரக்கதை நாளிதழ் வணிகத்தில் பிறக்கிறது. எழுத்தும் படமும் பிரிக்கவியலாது இணைவதை அளவுகோலாகக் கொண்டால் அது ஓர் ஆசிரியரின் மேசையில் பிறக்கிறது. கள்ளப்பதிப்புகளில் இழக்கப்பட்டது எதுவோ அதுவே அவருடைய கண்டுபிடிப்பு என்பதால், பின்னைய அளவுகோலே வலுவுடையதாகத் தோன்றுகிறது.