காப்பிச் செடிகளுக்கு நடுவே ஒரு பால்மரம்



நட்ட பால்மரம் வெட்டுக்கு வர ஆறேழு ஆண்டுகள் ஆகும் என்பது தோட்டத்தில் பிறந்த நமக்குத் தெரியும். அன்றைக்கு ரப்பர் என்ன விலை விற்கும் என்பது மட்டும் நடுகிற நாளில் யாருக்கும் தெரியாது. அப்படியிருந்தும் மலாயாவில் முதன்முதலாக நட்டார்களே, எப்படித் துணிந்தார்கள்? அந்த வரலாற்றை இன்று பார்ப்போம்.

1877ஆம் ஆண்டில் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர்ச் செடிகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. பிரேசில் நாட்டு விதையில் முளைத்தவை அவை. சில செடிகள் பேராக்கில் கோலகங்சாரிலும் நடப்பட்டன. மரங்கள் வளர்ந்தன, ஆனால் அவற்றை மதிப்பார் இல்லை. அக்காலத் தோட்ட முதலாளிகளின் நம்பிக்கையெல்லாம் காப்பியின் மேல்தான்.

1888இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி என்பவர், கண்ட முதலாளிகளிடமெல்லாம் ரப்பரை நடும்படி வற்புறுத்தினார். 'பைத்தியக்கார ரிட்லி' என்று அவருக்குப் பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள்! அவரோ சொல்லோடு நிற்கவில்லை. பிரேசிலில் மரத்தைக் கோடரியால் கொத்திப் பால் எடுத்தார்கள், மரம் புண்பட்டது. பட்டையை மெல்லியதாகச் சீவி, அடுத்த முறையும் அதே வெட்டின் ஓரத்தையே சீவினால் மரம் கெடாது, பட்டையும் மீண்டும் வளரும் என்று ரிட்லி செய்து காட்டினார். நம் பெற்றோர் விடியற்காலையில் மரம் வெட்டிய முறைக்கு அதுவே அடிப்படை.

1896இல் மலாக்காவில் டான் சே யான் என்பவர் வாணிகத்துக்காக ரப்பரை நட்டார். வேறு சிலர் காப்பியை அழிக்காமல், அதன் வரிசைகளுக்கு நடுவே பால்மரக் கன்றுகளை வைத்தார்கள். பிறகு என்ன நடந்தது? பிரேசில் காப்பி உலகச் சந்தையில் குவிந்தது, விலை சரிந்தது. காப்பியை மட்டுமே நம்பியவர்கள் நொடித்துப் போனார்கள். நடுவே மரம் வைத்தவர்களோ தலைநிமிர்ந்தார்கள். மோட்டார் வண்டிச் சக்கரங்களுக்கு ரப்பர் தேவைப்பட, 1910இல் அதன் விலை உச்சத்தைத் தொட்டது.

ஆனால் அந்தப் பாடம் விரைவில் மறந்துபோயிற்று. காப்பி இருந்த இடத்தில் எங்கும் ரப்பர் ஒன்றே நின்றது. 1929இல் உலகப் பொருளாதார மந்தம் தொடங்கியதும் ரப்பர் விலை வீழ்ந்தது. அடுத்த சில ஆண்டுகளில் பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர்கள் வேலையிழந்து இந்தியாவுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். முதலாளியின் கணக்குத் தப்பினால் முதலில் அணைவது தொழிலாளியின் அடுப்பு அல்லவா? பிற்காலத்தில், 1960களில், ரப்பரோடு செம்பனையும் பெருமளவில் நடப்பட்டதற்கு விலை வீழ்ச்சி கற்பித்த பாடமும் ஒரு காரணம்.

பெற்றோர்களே, நம் பிள்ளை தொடக்கப்பள்ளியை முடிக்கவும் ஆறு ஆண்டுகள்தாம் ஆகின்றன. அதுவும் பால்மரம் போன்றதே. இடையில் பிடுங்கினால் பயனில்லை. ஆனால் அந்த ஆறு ஆண்டும் வீட்டில் ஒரே வருமானத்தை நம்பியிராமல், நடுவரிசையில் ஏதேனும் நட்டு வைப்போம். கொல்லையில் காய்கறியோ, மாதந்தோறும் சிறு சேமிப்போ, கையில் இன்னொரு தொழிலோ, எதுவானாலும் சரி. காப்பி விலை விழுந்த நாளில் காப்பாற்றியது அந்த நடுவரிசைதான்.