காலம் மட்டும் கரியாக்குமா? நெய்வேலிப் படிவும் பள்ளிப் புவி அறிவியலும்

மண்ணில் புதைந்த காடு பல கோடி ஆண்டுகளில் நிலக்கரியானது என்று பள்ளியில் சொல்லித்தருகிறோம். சொல்வது பிழையில்லை, ஆனால் அதில் காரணம் இல்லை. ஆண்டுகள் கூடக்கூட மரம் தானாகவே கரியாகிவிடும் என்ற எண்ணம் மாணவர் மனத்தில் ஊன்றிவிடுகிறது. அதைக் களைய நெய்வேலியின் பழுப்பு நிலக்கரிப் படிவிலிருந்தே பாடத்தைத் தொடங்க வேண்டும் என்பது என் வாதம்.

1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது வெளிப்பட்ட கரும்பொருள், 1961இல் மேல்மண் அகற்றப்பட்டபின் முழுப் படிவாகக் கண்ணுக்குத் தெரிந்தது. புதிதாக வெட்டிய கட்டி ஒன்றை மாணவர் கையில் கொடுத்துப் பார்க்கலாம். நிறம் கரும்பழுப்பு, சில கட்டிகளில் மரத்தின் நார்வரி அப்படியே இருக்கும். எடையில் ஏறக்குறைய பாதி ஈரம். வெயிலில் காயவைத்தால் வெடித்து உதிர்ந்துவிடும். கரியாகும் வழியில் பாதியில் நின்றுபோன பொருள் இது.

ஏன் நின்றது? நெய்வேலிப் படிவு மயோசீன் காலத்தது என்பது நெடுநாள் கருத்து. மகரந்தத்துகள் ஆய்வாளர் சிலர் அதை இன்னும் பழைய இயோசீன் காலத்துக்குக் கொண்டுசெல்கின்றனர். எப்படியும் 6 கோடி ஆண்டுகளுக்கு உட்பட்டதுதான். ஜாரியா, சிங்கரேணிச் சுரங்கங்களின் கறுப்பு நிலக்கரியோ 25 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்டது. இவற்றை மட்டும் ஒப்பிட்டால் ‘இளையது பழுப்பு, மூத்தது கறுப்பு’ என்ற தவறான முடிவுதான் கிடைக்கும். மூன்றாவது சான்று மாஸ்கோ வடிநிலம். அங்குள்ள கரி 30 கோடி ஆண்டுகளைக் கடந்தது, ஜாரியாவைவிட மூத்தது. ஆனாலும் இன்றுவரை பழுப்பு நிலக்கரியாகவே இருக்கிறது. அது ஆழத்தில் புதையவில்லை, அதனால் போதிய அளவு சூடேறவும் இல்லை. கரியின் தரத்தை முதன்மையாகத் தீர்மானிப்பது வெப்பம். அதை அளிப்பது ஆழம்.

இது பள்ளி மாணவருக்கு மிஞ்சிய பாடம் என்று சிலர் தயங்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நிலத்தடியில் ஒரு கிலோமீட்டர் இறங்கினால் வெப்பநிலை சுமார் 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் உயரும். நெய்வேலியில் உள்ளதுபோன்ற 100 மீட்டர் மேல்மண் எத்தனை டிகிரி தரும்? மூன்றுக்கு மேல் இல்லை. அரித்துப்போன பழைய படிவுகளையும் கணக்கில் கொள்ள வேண்டும்தான். அதுவும் வகுப்பில் எழ வேண்டிய நல்ல கேள்வியே.

நிலத்தடி நீரையும் இங்கேயே கற்பிக்கலாம். கரிப் படிவுக்கு அடியில் அடைபட்டிருக்கும் நீர், சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரை மேல்நோக்கி அழுத்துகிறது. அதாவது 60 முதல் 80 மீட்டர் உயர நீர்த்தம்பத்தின் அழுத்தம். மேல்மண்ணின் பாரத்தை அகற்றியதும் சுரங்கத் தரை பொத்துக்கொள்ளாமலிருக்க இரவும் பகலும் நீரை இறைக்கிறார்கள். அதில் ஒரு பகுதி வாலாஜா ஏரிக்குச் செல்கிறது. சுற்றியுள்ள ஊர்களின் ஆழ்துளைக் கிணறுகளில் இதன் விளைவு என்ன என்பதை, ‘அடைபட்ட நீர்த்தாங்கி’ என்ற வரையறையை மனப்பாடம் செய்யும் முன்பே மாணவர் கேட்க வேண்டும். பொதுத்தேர்விலும் கரியின் வகைகளைப் பட்டியலிடச் சொல்வதற்குப் பதிலாக நெய்வேலி, ஜாரியா, மாஸ்கோ மூன்றின் வயதையும் ஈரத்தையும் தந்து காரணம் கேட்கலாம்.