மகாபலேசுவரின் கடல் பார்க்கும் முனைகள்

சகயாத்ரி மலைத்தொடரின் மேற்கு விளிம்பில், ஏறத்தாழ 1,370 மீட்டர் உயரத்தில் அமைந்த ஊர் மகாபலேசுவர். புணேயிலிருந்து வாய் நகரம், பஞ்சகணி வழியே சாலையில் வந்தால் பாதி நாள் பயணம். ஊரின் மேற்கில் மலை செங்குத்தாக இறங்கிக் கொங்கணத்தில் முடிகிறது. அதற்கப்பால், நேர்க்கோட்டில் ஏறத்தாழ 60 கி.மீ. தொலைவில் அரபிக்கடல். மலை விளிம்பில் துருத்தி நிற்கும் பாறை முனைகளைத்தான் எல்லாரும் ‘பாயிண்ட்’ என்கிறார்கள்.

வேடிக்கை பார்க்க யாரும் வராத காலத்திலேயே இந்த விளிம்புக்கு மதிப்பு இருந்தது. தக்காணத்தையும் கொங்கணத் துறைமுகங்களையும் இணைத்த பார் கணவாய் அருகிலேயே செல்கிறது. அந்தக் கணவாயைக் காக்கவே சிவாஜி 1656-இல் பிரதாப்கட் கோட்டையைக் கட்டினார். 1659-இல் அவரை எதிர்த்து வந்த பீஜப்பூர்த் தளபதி அப்சல்கான் கொல்லப்பட்டது அதன் அடிவாரத்தில்தான்.

1824-இல் பீட்டர் லாட்விக் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி இங்கே ஏறினார். அடுத்து வந்த பம்பாய் ஆளுநர் ஜான் மால்கம், வெயிலில் வாடிய வெள்ளையர்கள் உடல் தேற ஓர் ஊர் அமைக்க முனைந்தார். சதாரா அரசர் பிரதாப்சிங்குக்குக் கண்டாலா என்ற ஊரைக் கொடுத்து, 1829-இல் இந்த மேட்டைப் பெற்றார். ஊருக்கு மால்கம் பேட் என்றே பெயரும் வந்தது. பின்னாளில் இது பம்பாய் மாகாணத்தின் கோடைத் தலைநகரமும் ஆனது.

அன்றைக்குக் கடல் வெறும் காட்சியல்ல, பாதையும்கூட. பம்பாயிலிருந்து படகில் வந்தவர்கள் பாங்கோட் முகத்துவாரத்தில் நுழைந்து, சாவித்திரி ஆற்றில் மகாட் பக்கம் கரையேறி, மலை ஏறினார்கள். 1863-இல் போர்காட் ரயில் பாதை திறந்தபின் புணே வழிதான் சுலபமாயிற்று. கடல்வழி மெல்ல மறைந்தது.

அந்தப் பாதையின் துயரம் ஆர்தர்ஸ் சீட் முனையில் தங்கியிருக்கிறது. சாவித்திரிப் பள்ளத்தாக்கைப் பார்த்து நிற்கும் இந்த முனையில் முதலில் வீடு கட்டியவர் ஆர்தர் மாலெட் என்ற அதிகாரி. அவருடைய மனைவியும் கைக்குழந்தையும் பாங்கோட் அருகே படகு விபத்தில் இறந்தார்கள். அவர் இங்கே உட்கார்ந்து ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார் என்று வழிகாட்டிகள் சொல்வதுண்டு. விபத்து உண்மை, உட்கார்ந்திருந்த கதை பிறகு ஒட்டிக்கொண்டதாகவே தோன்றுகிறது.

மற்ற முனைகளின் பெயர்களில் அதிகாரத்தின் வாடைதான் மிகுதி. நாகே கிந்த், மால்கமின் மகள் பெயரால் கேட்ஸ் பாயிண்ட் ஆனது. 1,439 மீட்டர் உயரமுள்ள சிந்தோலா மேடு, 1920-களில் ஆளுநராயிருந்த லெஸ்லி வில்சன் பெயரால் வில்சன் பாயிண்ட் ஆனது. பழைய பெயர்களை இன்று தேடித்தான் எடுக்க வேண்டும். பெயரே இல்லாமல் போனவர்களும் உண்டு: சீன, மலாய்க் கைதிகளை இங்கே சிறை வைத்து, அவர்களைக்கொண்டு பாதை போட்டு, காய்கறித் தோட்டமும் வளர்த்தார்கள். எந்த முனைக்கும் அவர்கள் பெயர் இல்லை.

இன்று இந்த முனைகளிலிருந்து கடலைக் காண விரும்புவோர் பருவம் பார்த்துப் போக வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழையும் மூடுபனியும் பள்ளத்தாக்கையே மறைத்துவிடும். ஏப்ரல், மே மாதங்களில் கொங்கணத்தின் மேல் புழுதி மங்கல் படரும். மழை ஓய்ந்த பின் வானம் துலங்கும் நாட்களில்தான் மேற்கே கடல் தெரியும்.