குதிரையேறும் பெண்ணுக்கு என்ன உடை?

(தொலைக்காட்சிக் கருத்துக்களத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இன்றைய தலைப்பைக் கேட்டதும் உங்களில் சிலர் சிரித்திருப்பீர்கள். "நம்மில் எத்தனை பெண்கள் குதிரை ஏறுகிறார்கள், இதற்கு ஒரு உரையா?" என்று நினைத்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், ஜொகூரில் நடந்த அந்தப் படப்பிடிப்புக்குப் போகும் வரை.

கூலாயைத் தாண்டி, செம்பனை மரங்களுக்கு நடுவே ஒரு சிறிய குதிரைப் பண்ணை. நான் குதிரையில் அமர்ந்து தோட்டப் பாதையில் போவது போல் காட்சி. திரையில் அழகாக இருக்க வேண்டும் என்பதற்காகப் பளபளப்பான சுடிதாரும், நீண்ட துப்பட்டாவும், மெல்லிய செருப்பும் அணிந்து போயிருந்தேன். பயிற்சி கொடுத்த மலாய்ப் பெண்மணி என்னை மேலும் கீழும் பார்த்தார். முதலில் துப்பட்டாவைக் கழற்றச் சொன்னார். பிறகு செருப்பைக் காட்டித் தலையாட்டி, தம்முடைய காலணியைக் கொடுத்தார். சுடிதாரை மட்டும் மாற்ற முடியவில்லை. அரை மணி நேரம் கழித்து இறங்கியபோது முழங்காலின் உட்புறம் இரண்டு பக்கமும் தோல் உரிந்திருந்தது. அடுத்த இரண்டு நாள் நான் நடந்த நடையை எங்கள் ஒளிப்பதிவாளர் இன்னமும் நடித்துக் காட்டுகிறார்!

அந்த நிகழ்ச்சி ஒளிபரப்பான பிறகு ஒரு தாயார் நிலையத்துக்குத் தொலைபேசியில் அழைத்தார். "தங்கச்சி, என் மகளுக்குப் பதினாறு வயசு. குதிரை ஏறக் கத்துக்கணும்னு ஆசைப்படுறா. எனக்கும் சம்மதம்தான். ஆனா அந்த இறுக்கமான சிலுவாரைப் போட்டுக்கிட்டுப் போனா சொந்தக்காரங்க என்ன சொல்வாங்க?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. தேடிப் படித்தேன். படித்ததைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

சிலுவார் பிறந்த இடம்

அந்தத் தாயார் சொன்ன சொல்லையே முதலில் எடுத்துக்கொள்வோம். மலேசியத் தமிழர்களாகிய நாம் காற்சட்டையைச் சிலுவார் என்கிறோம். மலாய் மொழியின் 'செலுவார்' என்ற சொல்லிலிருந்து வந்தது. மலாய்க்கு அது பாரசீகத்தின் 'ஷல்வார்' என்ற சொல்லிலிருந்து வந்தது. நம் கடைகளில் தொங்கும் சல்வாரும் அதே சொல்தான். ஒரே சொல் இரண்டு வழியாக நம் வீட்டுக்குள் வந்திருக்கிறது. பாரசீகர்கள் குதிரையோடு வாழ்ந்தவர்கள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

காற்சட்டை என்ற உடையே குதிரைக்காகப் பிறந்தது என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. சீனாவின் வடமேற்கில் துர்பான் பகுதியில் யாங்ஹாய் என்ற பழைய இடுகாடு இருக்கிறது. அங்கே சுமார் 3,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட கம்பளிக் காற்சட்டைகள் கிடைத்தன. 2014-இல் அவற்றைப் பற்றிய ஆய்வு வெளியானது. உலகில் இதுவரை கிடைத்த காற்சட்டைகளில் மிகப் பழையவற்றுள் அவையும் அடங்கும். இரண்டு கால்களுக்கு இரண்டு துண்டு. நடுவே கால்களை அகட்டி அமர வசதியாக அகலமான இன்னொரு துண்டு. வேட்டி, பாவாடை போன்ற உடைகளோடு குதிரையில் கால் விரித்து அமர முடியாது என்பதை அந்த மேய்ச்சல் மக்கள் அப்போதே கண்டுகொண்டார்கள்.

கி.மு. 307-இல் சீனாவின் சாவ் நாட்டு அரசன் ஊலிங், தன் வீரர்கள் நீண்ட அங்கியை விட்டுவிட்டு வடக்கே இருந்த குதிரைவீரர்களைப் போல் காற்சட்டை அணிய வேண்டும் என்று உத்தரவிட்டான். எதிர்த்தது யார் தெரியுமா? அவனுடைய சொந்தச் சித்தப்பாவே! முன்னோர் வழக்கத்தை விடலாமா என்று கேட்டார். ஆக, "சொந்தக்காரங்க என்ன சொல்வாங்க" என்பது 2,300 ஆண்டுப் பழைய கேள்வி. அரசனுக்கே அந்தக் கதி என்றால் நம் அக்காமார் எம்மாத்திரம்!

ஒரு பக்கமாக உட்கார வைக்கப்பட்டவர்கள்

ஆண்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது. பெண்களுக்கு? ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் மேல்குடிப் பெண்கள் குதிரையில் இரண்டு கால்களையும் ஒரே பக்கமாகத் தொங்கவிட்டுத்தான் அமர வேண்டும். அதற்கென்றே தனிச் சேணம். அதன் மேல் நிலத்தைத் தொடும் கனமான பாவாடை. விழும்போது பாவாடை சேணத்தில் மாட்டிக்கொண்டால் குதிரை அந்தப் பெண்ணை இழுத்துக்கொண்டே ஓடும். இப்படி உயிரிழந்தவர்கள் உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மாட்டினால் தானே பிரிந்துவிடும் 'பாதுகாப்புப் பாவாடை'யைத் தைத்தார்கள். பாவாடையே வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை பாருங்கள்!

இந்த இடத்தில் நம் நாட்டோடு தொடர்புள்ள ஓர் ஆங்கிலப் பெண்மணியைச் சொல்ல வேண்டும். இசபெல்லா பேர்ட். 1879-இன் தொடக்கத்தில் மலாக்கா, சுங்கை ஊஜோங், சிலாங்கூர், பேராக் என்று பயணம் செய்து, பேராக்கில் யானை மேலும் ஏறி, நம் நாட்டைப் பற்றி 1883-இல் நூல் வெளியிட்டவர். அவருக்கு இளம் வயதிலிருந்தே முதுகுத்தண்டில் கோளாறு. ஒரு பக்கச் சேணத்தில் அமர்ந்தால் வலி தாங்காது. 1873-இல் ஹவாய்த் தீவுக்குப் போனபோது, அந்த ஊர்ப் பெண்கள் ஆண்களைப் போலவே கால் விரித்து அமர்ந்து குதிரை ஓட்டுவதைப் பார்த்தார். தாமும் அப்படியே அமர்ந்தார். வலி குறைந்தது. பிறகு அமெரிக்காவின் ராக்கி மலைகளில் நூற்றுக்கணக்கான மைல் குதிரையில் சுற்றினார். கணுக்கால் வரை ஒரு பாவாடை, அதற்குள் தொளதொளப்பான துருக்கிக் காற்சட்டை, இதுதான் அவர் உடை.

லண்டன் நாளிதழ் ஒன்று, அவர் ஆண் உடை அணிந்ததாக எழுதிவிட்டது. பனிப்புயலுக்கும் அஞ்சாத அந்தப் பெண்மணி இதற்கு ஆடிப்போனார். தம் நூலின் அடுத்த பதிப்பில், அது பெண்களுக்குரிய உடைதான் என்று குறிப்பு எழுதிச் சேர்த்தார். மலை ஏற முடிந்தது, ஊர் வாயைத் தாண்ட முடியவில்லை.

ராணியும் ஒன்பது கெஜமும்

நம் பக்கம் எப்படி? சிவகங்கையை மீட்ட வேலு நாச்சியார் குதிரையேற்றம் பயின்றவர் என்றே நம் வரலாறு அவரைப் போற்றுகிறது. ஜான்சி ராணி இலட்சுமிபாயும் குதிரையிலேயே வாழ்ந்தவர். மராட்டியப் பெண்கள் உடுத்தும் ஒன்பது கெஜச் சேலையைப் பார்த்திருப்பீர்கள். கால்களுக்கு நடுவே கொண்டுபோய்ப் பின்னால் செருகிக் கட்டுவது. சேலையாகவும் இருக்கும், காற்சட்டையாகவும் இருக்கும். சேலைக்குள்ளேயே விடை தேடிய நம் பெண்களின் கெட்டிக்காரத்தனம் அது. ஆனால் 1858 ஜூன் மாதம் குவாலியர் அருகே நடந்த கடைசிப் போரில், ராணி குதிரைப்படை வீரனின் உடையில் இருந்தார் என்று ஆங்கிலேயர் எழுதிய குறிப்புகள் சொல்கின்றன. உயிர்ப் போராட்டம் என்று வந்தபோது அவர் உடையைப் பற்றித் தயங்கவில்லை.

இன்றைய குதிரையேற்றக் காற்சட்டையும் இந்தியாவில் பிறந்ததே. இடுப்பிலும் தொடையிலும் தளர்ந்து, முழங்காலுக்குக் கீழே இறுகியிருக்கும் அந்த உடைக்கு ஜோத்பூர் என்று பெயர். ராஜஸ்தானின் ஜோத்பூரைச் சேர்ந்த சர் பிரதாப் சிங், 1897-இல் விக்டோரியா மகாராணியின் வைர விழாவுக்கு லண்டன் போனபோது அங்கே அது பிரபலமானது. அதன் தாய் எது? நம் சுடிதார்தான். அந்தக் காலத்தில் இழுபடும் துணி கிடையாது. அதனால் சேணத்தில் அமர வசதியாகத் தொடைப் பக்கத்தில் துணியைத் தாராளமாக விட்டார்கள். 1958-இல் அமெரிக்காவில் இழுபடும் செயற்கை இழை கண்டுபிடிக்கப்பட்டது. அதற்குப் பிறகுதான் அந்தத் தொளதொளப்பு படிப்படியாக மறைந்தது. அந்தத் தாயார் அஞ்சிய 'இறுக்கம்' அப்படி வந்ததுதான், கவர்ச்சிக்காக வந்ததல்ல. மடிப்பு இருந்தால் தோல் உரியும். என் முழங்காலே சாட்சி.

நம் பாட்டிமார் எப்போதோ கொடுத்த பதில்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்தார். ஜூலை 12-ஆம் தேதி பெண்கள் கூட்டம். டாக்டர் இலட்சுமி சுவாமிநாதன் ஏற்பாட்டில் இருபது பெண்கள் கையில் துப்பாக்கியோடு அணிவகுத்து மரியாதை செய்தார்கள். அன்று அவர்கள் உடுத்தியிருந்தது சேலை. அக்டோபர் 22-ஆம் தேதி ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. அந்தப் படையின் புகைப்படங்களைத் தேடிப் பாருங்கள். காக்கிச் சட்டை, தொப்பி, இடுப்பில் வார், கீழே ஜோத்பூர் காற்சட்டை!

சேலையிலிருந்து சிலுவாருக்கு மாற அவர்களுக்கு மூன்றே மாதம்தான் தேவைப்பட்டது. அவர்களில் பெரும்பாலோர் மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து போன தமிழ்ப் பெண்கள். அதுவரை பாவாடையும் சேலையும் தவிர வேறு உடை அறியாதவர்கள். அவர்கள் குதிரைப்படை அல்ல, காலாட்படை. ஆனால் குதிரையேறிப் போராடிய ராணியின் பெயரைத் தாங்கி, குதிரையேற்றத்துக்கென்று பிறந்த உடையை அணிந்தார்கள். 1945-இல் ரங்கூனிலிருந்து பின்வாங்கியபோது, காட்டிலும் சேற்றிலும் நாள்கணக்கில் நடந்தது அந்த உடையில்தான். அவர்களில் ஒருவரான ஜானகி ஆதி நாகப்பன் பின்னாளில் இந்நாட்டுப் பொது வாழ்வில் ஈடுபட்டு, 2000-இல் இந்திய அரசின் பத்மஸ்ரீ விருதைப் பெற்றார். அவரை யாரும் சிலுவார் போட்டவர் என்று குறைத்துப் பேசவில்லை.

என் சொந்தப் பாட்டி ஜொகூரில் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அட்டைக்கும் கொசுவுக்கும் அஞ்சி, தாத்தாவின் பழைய சிலுவாரை உள்ளே போட்டு, மேலே கைலி, அதற்கு மேல் தாத்தாவின் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. விடியற்காலை நான்கு மணிக்கு அப்படித்தான் புறப்படுவார். வெட்டு முடிந்து வந்து குளித்துச் சேலை கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போவார். வேலைக்கு ஒரு உடை, சாமிக்கு ஒரு உடை. இரண்டிலும் அவர் அதே பாட்டிதான்.

சரி, என்ன உடுத்துவது?

இனி அந்தத் தாயாருக்கு நேரான பதில். பண்ணையில் கேட்டறிந்ததையும் பட்டறிந்ததையும் சொல்கிறேன்.

உள்தொடையிலும் முழங்காலின் உட்புறத்திலும் தையல் தடிப்பு இல்லாத, இழுபடும் காற்சட்டை வேண்டும். ஜீன்ஸ் வேண்டாம். அதன் தையலே கத்தியாகிவிடும். நம் வெப்பத்தில் வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருக்கும் கனத்த பருத்தியும் தோலை உரிக்கும். சீக்கிரம் உலரும் மெல்லிய துணி நல்லது. உள்ளாடை தையல் இல்லாததாகவும், மார்பை உறுதியாகத் தாங்குவதாகவும் இருக்கட்டும். குதிரை துள்ளி ஓடும்போது அதன் அருமை தெரியும்.

மேலே மெல்லிய முழுக்கைச் சட்டை. வெயிலையும் கிளைகளையும் தடுக்கும். காலில் சிறு குதிகால் உள்ள மூடிய காலணி. குதிகால் இல்லாவிட்டால் பாதம் அங்கவடிக்குள் நழுவிப்போய் மாட்டிக்கொள்ளும். தலைக்கவசம் கட்டாயம். கூந்தலைத் தாழ்வாகப் பின்னிக்கொண்டால் கவசம் சரியாகப் பொருந்தும். துப்பட்டா, தொங்கும் காதணி, வளையல் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். காற்றில் படபடக்கும் மழைக்கோட்டும் ஆகாது. குதிரை மிரளும்.

உடல் வடிவம் தெரிகிறதே என்று கூச்சமா? தொடை வரை வரும், இரு பக்கமும் இடுப்பு வரை வெட்டுள்ள குர்தாவை மேலே போடலாம். பக்க வெட்டு இருப்பதால் சேணத்தில் சிக்காமல் இரு புறமும் விழும். எனக்குப் பயிற்சி கொடுத்த மலாய்ப் பெண்மணி முக்காட்டை இறுக்கிக் கட்டி, அதன் மேல் தலைக்கவசமும், நீண்ட சட்டையும் அணிந்துதான் குதிரையில் பறந்தார். அடக்கத்துக்கும் வசதிக்கும் சண்டை கிடையாது. சண்டை மூட்டுவது நாம்தான்.

ஒலிம்பிக் குதிரையேற்றத்தில் பெண்களுக்கு இடம் கிடைத்ததே 1952-இல்தான். 2008-இல் நம் திரெங்கானுவில் 160 கிலோமீட்டர் நீண்டதூரக் குதிரையோட்ட உலகப் போட்டி நடந்தது. ஆணும் பெண்ணும் ஒன்றாகப் போட்டியிடும் பந்தயம் அது. வென்றவர் மரியா மெர்சிடிஸ் அல்வாரெஸ் என்ற ஸ்பெயின் நாட்டுப் பெண்மணி. நம் மண்ணில், நம் வெயிலில்!

அம்மா, உங்கள் மகளை அனுப்புங்கள். சொந்தக்காரர்கள் கேட்டால், 1943-இல் நம் வீட்டுப் பெண்கள் இதே உடையைப் போட்டார்கள் என்று சொல்லுங்கள். அதற்கு மேலும் கேட்டால், குதிரைக்குத் தெரிந்தது நமக்குத் தெரியவில்லையே என்று சிரித்துவிட்டுப் போங்கள்.