மாணிக்கக் கிண்ணமும் மூன்று ரொட்டிகளும்

இலங்கை முஸ்லிம்களின் வரலாறு பற்றி எழுதுவோரும் பேசுவோரும் இப்னு பதூதாவைத் தொடாமல் போவதில்லை. பாடசாலை மீலாத் விழாப் பேச்சு முதல் நூல் வெளியீட்டு விழாத் தலைமையுரை வரை, 1344ஆம் ஆண்டு அவர் இந்தத் தீவிலே கண்ட மாணிக்கக் கிண்ணம் தவறாமல் வந்துவிடும். உள்ளங்கை அகலக் கிண்ணம், முழுவதும் மாணிக்கம், உள்ளே அகில் தைலம். நானும் அந்தக் கிண்ணத்தைப் பலமுறை மேடையேற்றியவன்தான். கேட்போர் முகத்தில் ஒரு பெருமிதம் படர்வதைக் கண்டு மகிழ்ந்தவன்தான்.

பிற்காலத்தில் அந்தப் பயண நூலை முதலிலிருந்து கடைசிவரை வாசிக்கும் வாய்ப்புக் கிட்டியபோது, நாம் மேற்கோள் காட்டுவது ஒரு பெரிய வீட்டின் முன்கூடத்தை மட்டுமே என்பது விளங்கியது. 1304இல் தஞ்சியரில் பிறந்து, 21ஆம் வயதில் ஹஜ்ஜுக்கெனப் புறப்பட்டு, கால் நூற்றாண்டுக்கு மேல் அலைந்து திரும்பிய அந்த மனிதர் செல்வத்தைப் பல உருவங்களில் கண்டவர். காட்டப்பட்ட செல்வம், மறைக்கப்பட்ட செல்வம், கடன் வாங்கிக் காட்டப்பட்ட செல்வம், கண்ணெதிரே பறிபோன செல்வம் ஆகிய நான்கும் அந்நூலில் உண்டு. நாமோ முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற மூன்றையும் விட்டுவிட்டோம்.

முதலில் அந்தக் கிண்ணத்தையே பார்ப்போம். மாலைதீவிலிருந்து வந்த அவருடைய கப்பல் கரைசேர்ந்த பட்டினத்தை அவர் ‘பத்தாலா’ என்கிறார். அது புத்தளமே என்பது ஆய்வாளர் பெரும்பாலோரின் கருத்து. மரவேலியும் மரக் காவற்கோபுரங்களும் சூழ்ந்த சிறிய அழகிய ஊர். அங்கிருந்த அரசர் ஆரியச் சக்கரவர்த்தி. பாரசீகம் விளங்கிக்கொள்ளக் கூடியவராக இருந்தார் அவர். ஒருநாள் முத்துக் குளிப்பிலிருந்து வந்த முத்துக்களை அதிகாரிகள் தரம் பிரித்துக்கொண்டிருக்க, இதைவிட நல்ல முத்தை நீர் எங்காவது கண்டதுண்டா என்று அரசர் கேட்கிறார். இல்லை என்கிறார் விருந்தாளி. அந்தப் பதிலில் மகிழ்ந்த அரசர் அம்முத்துக்களை அவருக்கே கொடுத்துவிடுகிறார். கிண்ணத்தைக் கண்டு வியந்தபோது, இதைவிடப் பெரியதெல்லாம் எங்களிடம் உண்டு என்கிறார்.

இந்த உரையாடலைச் சற்று நிதானித்து வாசித்தால் வேறொன்று புலப்படும். அரசரிடம் முத்து இருந்தது, மாணிக்கமும் இருந்தது. ஆயினும் பல தேசம் கண்ட ஒருவரின் வாயிலிருந்து ‘இதற்கு நிகரில்லை’ என்ற ஒரு சொல் அவருக்குத் தேவைப்பட்டது. அதற்கு விலையாக முத்தையே கொடுக்கவும் அவர் தயங்கவில்லை. பார்ப்பவன் இல்லாதவிடத்துச் செல்வம் பாதிச் செல்வம்தான் போலும். இப்னு பதூதாவும் அதை அறிந்தே பதில் சொல்லியிருப்பார். கேட்டதைக் கேள் என்று அரசர் சொன்னபோது அவர் பொருள் எதுவும் கேட்கவில்லை. பாவா ஆதம் மலையைக் காண வழித்துணை கேட்டார். பல்லக்கும், யோகிகள் நால்வரும், பிராமணர் மூவரும், அரசரின் ஆட்கள் பதின்மரும், உணவு சுமக்கப் பதினைந்து பேரும் கிடைத்தனர்.

அதே பகுதியில் இன்னொரு செய்தியும் உண்டு. நூறு பணத்துக்கு மேற்பட்ட பெறுமதியுள்ள மாணிக்கம் எவனுக்குக் கிடைத்தாலும் அதை அரசர் விலைகொடுத்து எடுத்துக்கொள்வார். அதற்குக் குறைந்தது கண்டெடுத்தவனுக்கே உரியது. ஆகவே பெருங்கல் யாரிடம் இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானித்தது சட்டம். இத்தீவின் பெண்கள் எல்லோரும் பலநிற மாணிக்க மாலை அணிந்து, வளையலாகவும் காற்சிலம்பாகவும் அதையே பூண்டிருந்தனர் என்கிறார் அவர். அப்படியானால் அவை பெரும்பாலும் சிறு கற்களாகவே இருந்திருக்க வேண்டும். இந்தப் பெண்களை நாம் மேடையில் நினைவுகூர்வதில்லை. நமக்குக் கிண்ணம்தான் வேண்டியிருந்தது.

இலங்கைக்கு வருவதற்கு முன் அவர் ஏறத்தாழ எட்டாண்டுகள் தில்லியில் முஹம்மத் பின் துக்ளக்கின் ஆட்சியில் இருந்தவர். அந்த அரண்மனையின் வழக்கம் விசித்திரமானது. சுல்தானைக் காண வருபவன் கைநிறையக் காணிக்கை கொண்டுவர வேண்டும். சுல்தான் அதைப் பன்மடங்காகத் திருப்பித் தருவார். இதை அறிந்த வணிகர்கள், புதிதாக வருவோருக்குக் குதிரையும் ஒட்டகமும் துணியும் கடனாகக் கொடுத்துக் காத்திருந்தார்கள். வெகுமதி வந்ததும் கடன் இலாபத்தோடு திரும்பும். கடன்காரர் இருவரும் நண்பரைப்போல் நடந்துகொள்வர். இப்னு பதூதா தில்லியின் காழியாக நியமிக்கப்பட்டார். ஆண்டுக்கு 12,000 தீனார் ஊதியம். அப்படியிருந்தும் அவருடைய கடன் 55,000 தீனாராக ஏறியது. கடன் கொடுத்தவர்கள் அரண்மனை வாசலில் நின்று முறையிட, சுல்தான் தலையிட்டே அதைத் தீர்க்க வேண்டியிருந்தது.

இதை வாசிக்கும்போது எனக்கு நம்முடைய கலியாண வீடுகள்தான் ஞாபகத்துக்கு வந்தன. வெளியில் மின்விளக்குத் தோரணம், உள்ளே அடகுக் கடைச் சீட்டு. சீதன வீட்டுக்கு ஓடு போட வாப்பா மத்திய கிழக்குக்குப் போவார். போக முடியாவிட்டால் உம்மா போவாள். தில்லியில் காணிக்கை பன்மடங்காகத் திரும்பி வந்தது. இங்கே எதுவும் திரும்பி வருவதில்லை.

பின்னர் அரசியல் சந்தேகத்துக்கு ஆளாகி உயிருக்கு அஞ்சிய ஒரு கட்டத்தில், அதே காழி தன் உடைமைகளையெல்லாம் பக்கீர்களுக்குக் கொடுத்துவிட்டுப் பக்கீர் உடை தரித்து, ஒரு துறவியிடம் ஐந்து மாதம் தங்கினார். அது பக்தியா, பாதுகாப்புக்கான வேடமா? இரண்டும் கலந்தது என்றே நான் நினைக்கிறேன். செல்வத்தைக் காட்டுவதற்கு மட்டுமல்ல, களைந்தெறிந்து காட்டுவதற்கும் ஒரு அவை தேவைப்படுகிறது.

மறைத்தலின் கலையைச் சீனத்தைப் பற்றிய பக்கங்களில் அவர் விவரிக்கிறார். சீனாவில் அவர் உண்மையில் எவ்வளவு தூரம் சென்றார் என்பதில் அறிஞர்களிடையே ஐயம் உண்டு. எனினும் அவர் சொல்வது சுவையானது. கணக்கிட முடியாத பொருளுள்ள பெருவணிகனும் அங்கே முரட்டுப் பருத்தி அங்கியோடு திரிவானாம். பொன்னையும் வெள்ளியையும் உருக்கிக் கட்டிகளாக்கி வீட்டு வாசலின் மேல் வைப்பார்களாம். ஐந்து கட்டி உள்ளவன் விரலில் ஒரு மோதிரம் அணிவான். பத்து உள்ளவன் இரண்டு. பதினைந்து உள்ளவனுக்குத் தனிப் பட்டப் பெயரே உண்டு. உடை ஏழையின் உடை. மோதிரமோ கணக்குப் புத்தகம். அந்த மொழி தெரிந்தவனுக்கு மட்டும் வாசிக்கக் கூடிய கணக்கு. அடக்கம் என்று வெளியார் நினைப்பது, உள்ளூராருக்கு அறிவிப்பாக இருந்திருக்கிறது. வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாய் எளிமையாக வரும் நமது முதலாளிமாரின் மணிக்கட்டுக் கடிகாரத்தை அறிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

மாலி நாட்டுக்கு அவர் 1352இல் சென்றார். அதற்கு 28 ஆண்டுகளுக்கு முன், 1324இல், அந்நாட்டரசர் மன்ஸா மூஸா ஹஜ்ஜுக்காகக் கெய்ரோ வழியே போனதை உலகமே பேசிக்கொண்டிருந்தது. அவர் வாரி இறைத்த பொன்னால் கெய்ரோவில் பொன்னின் விலையே சரிந்தது. மித்கால் ஒன்று 25 திர்ஹத்துக்குக் குறையாமல் விற்ற பொன் 22க்கும் கீழே இறங்கி, பன்னிரண்டு ஆண்டுகளாகியும் மீளவில்லை என எழுதிவைத்தார் அல் உமரி. அதே அல் உமரி சொல்லும் மறுபாதியை நாம் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம்: திரும்பும் வழியில் மூஸாவின் கை வறண்டுபோய், கெய்ரோ வணிகர்களிடம் பெருஞ் சுமையான இலாபத்துக்குக் கடன்பட்டார். உலகின் பெருஞ்செல்வர் எனப்பட்டவர் கடனாளியாக வீடு திரும்பினார். 1375இல் வரையப்பட்ட கத்தலான் உலகப்படத்திலோ கையில் பொற்கட்டியோடு அவர் வீற்றிருக்கிறார். படத்தில் கடன் தெரியவில்லை.

இப்னு பதூதா கண்டது மூஸாவின் தம்பி சுலைமானை. அரசரின் விருந்துப் பொருள் வருகிறது என்று ஊர் காழி முதலானோர் பரபரப்போடு வந்து எழுப்பியபோது, அங்கியும் பணமும் வருமென எதிர்பார்த்து எழுந்தார் நமது பயணி. வந்தவை மூன்று ரொட்டிகள், பொரித்த மாட்டிறைச்சி ஒரு துண்டு, ஒரு சுரைக்குடுவையில் தயிர். அவர் சிரித்துவிட்டார். பிறகு சபையில் எழுந்து, இத்தனை நாளாக இங்கிருக்கிறேன், பிற சுல்தான்களிடம் உம்மைப் பற்றி என்ன சொல்வேன் என்று கேட்டே விட்டார். அதன் பின்னரே வீடும், ரமழான் 27ஆம் இரவில் 33 மித்காலும் சொச்சமும், புறப்படும்போது 100 மித்காலும் கிடைத்தன. ஆனால் அதே சுலைமான் சபையில் அமரும்போது, பட்டுக் குடையின் உச்சியில் வல்லூறு அளவான பொற்பறவை இருந்தது. அவரைக் காண வரும் குடிமகனோ நல்லுடையைக் களைந்து கந்தல் உடுத்தித் தலையில் மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்ள வேண்டும்.

சுலைமானைக் கருமி என்றே உலகம் நினைவில் வைத்திருக்கிறது. எனக்கு அதில் ஒரு சிறு மறுப்பு உண்டு. அதே நாட்டில் நிலவிய நீதியையும் பாதுகாப்பையும் இப்னு பதூதா மனந்திறந்து புகழ்கிறார். பயணியோ ஊரவரோ கள்வருக்கு அஞ்ச வேண்டியதில்லை. அங்கே இறந்துபோகும் அந்நியரின் பொருள் எவ்வளவாயினும் உரியவர் வரும்வரை நம்பிக்கையானவரிடம் காக்கப்படும் என்கிறார். வாரி இறைத்த மூஸா மேடைக்குப் பொருத்தமானவர். அந்நியனின் பொருளைக் காத்த நாடு அத்தனை கவர்ச்சியானதல்ல.

இனிப் பறிபோன செல்வத்துக்கு வருவோம். இலங்கையில் பெற்ற முத்துக்களோடும் மாணிக்கங்களோடும் புறப்பட்ட இப்னு பதூதா, பின்னர் இந்தியாவின் மேற்குக் கரையோரமாகக் கப்பலில் போகையில் பன்னிரண்டு கொள்ளைக் கப்பல்கள் சூழ்ந்துகொண்டன. அரசர் தந்த கற்கள், உடைகள், பெரியார்கள் கொடுத்த பொருட்கள் எல்லாம் போயின. அணிந்திருந்த காற்சட்டையைத் தவிர வேறெதுவும் மிஞ்சவில்லை. கோழிக்கோட்டுக்குத் திரும்பி ஒரு பள்ளிவாசலில் நுழைந்தார். மார்க்க அறிஞர் ஒருவர் ஓர் அங்கி அனுப்பினார். காழி ஒரு தலைப்பாகை. வணிகர் ஒருவர் இன்னோர் அங்கி. பறிபோன கற்களின் எண்ணிக்கையை அவர் சொல்லவில்லை. யார் எந்தத் துணியைத் தந்தார் என்பதைச் சொல்கிறார்.

இந்தப் பகுதியை எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. கிண்ணத்தை மட்டும் சொல்லிச் சொல்லி, நாம் மாணிக்க வணிகரின் மக்கள் என்ற ஒரே படத்தை நாமே வரைந்துவிட்டோம். மூதூரில் வலை இழுப்பவனும், சம்மாந்துறையில் வயல் விதைப்பவனும், மலைநாட்டுச் சந்தியில் தையல் இயந்திரத்தோடு குந்தியிருப்பவனும் அந்தப் படத்தில் இல்லை. அதே படத்தை வெறுப்போடு வாசித்தவர்களும் இருந்தார்கள். 1915இல் கடைகள் எரிந்தபோதும், 2014இல் அளுத்கமையிலும் 2018இல் திகனையிலும் எரிந்தபோதும், ‘இவர்கள் செல்வர்கள்’ என்ற கதை நெருப்புக்கு முன்னரே அங்கு போய்ச் சேர்ந்திருந்தது. எரித்தவர் குற்றம் எரித்தவரையே சாரும், அதில் ஐயமில்லை. ஆனால் நம் வரலாற்றை நாம் பாதியாகச் சொன்னது நம்முடைய பிழை.

அதற்காகச் செல்வத்தை ஒளித்துவைக்கச் சொல்கிறேன் என்று யாரும் கொள்ள வேண்டாம். அல்லாஹ் தன் அடியானுக்கு அளித்த அருட்கொடையின் அடையாளத்தை அவனிடத்தில் காண விரும்புகிறான் என்ற கருத்தில் நபிமொழி உண்டு. அலங்காரத்தோடு தன் சமூகத்தின் முன் வெளிப்பட்ட காரூனை அவன் மாளிகையோடு பூமி விழுங்கிய வரலாறும் அல்குர்ஆனில் உண்டு. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள வழியைத்தான் நாம் தேட வேண்டியிருக்கிறது.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேரை வெளியேற்றியபோது, அவர்களில் பெரும்பகுதியினர் வந்து சேர்ந்தது புத்தளத்துக்குத்தான். இப்னு பதூதா மாணிக்கக் கிண்ணத்தைக் கண்ட அதே மண்ணுக்கு. பணமும் நகையும் வழியிலேயே பறிக்கப்பட்டிருந்தன. சில ஆண்டுகளின் பின் கற்பிட்டிப் பாதையோரக் கிடுகு முகாமொன்றில் ஒரு மூதாட்டியோடு பேசிக்கொண்டிருந்தேன். காதில் துளைகள் இருந்தன, ஒன்றும் இல்லை. எவ்வளவு நகை போனது என்று கேட்டேன். வரலாறு எழுதுபவனின் மூடத்தனமான கேள்வி.

“அது கணக்கா ஞாபகமில்ல தம்பி” என்றார். பிறகு, வந்த முதல் இரவு யாரென்று தெரியாத ஒரு புத்தளத்துப் பெண் தன் வீட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்த சேலையைப் பற்றிச் சொன்னார். பச்சைச் சேலையாம், கரையில் மஞ்சள் கோடாம். ஓரத்தில் சிறு கிழிசல் தைத்திருந்ததாம்.

அடுத்த முறை மேடையேறினால் இப்னு பதூதாவைப் பற்றிப் பேசத்தான் போகிறேன். கிண்ணத்தையும் சொல்வேன். ஆனால் கோழிக்கோட்டில் கிடைத்த அந்த அங்கிகளையும் தலைப்பாகையையும் சொல்லாமல் இறங்குவதில்லை என்று எனக்குள் முடிவுசெய்திருக்கிறேன்.