சரத்திலிருந்து மரத்துக்கு: தேடுபொறி வினவல் நூலகங்களின் வளர்ச்சி

தேடுபொறிக்கான வினவல்களைக் கட்டித்தரும் நிரல் நூலகங்களை நிரலர்களில் பலர் தட்டச்சு மிச்சப்படுத்தும் வசதியாகவே பார்க்கிறார்கள். நீளமான ஜேசன் (JSON) உரையைக் கையால் எழுதும் அலுப்பிலிருந்து தப்பிக்கத்தான் அவை பிறந்தன என்பது பொதுவான எண்ணம். வரலாறு இதற்கு ஒத்துவரவில்லை. மனிதர் தட்டுவதற்கென்று உருவான ஒரு மொழியை நிரல்கள் எழுதத் தொடங்கியபோது வந்த சிக்கலே இந்நூலகங்களின் தோற்றுவாய் என்பது என் வாதம். ஜேசன் வழி வினவல்கள் புழக்கத்துக்கு வரும் முன்பே அந்தச் சிக்கல் இருந்தது.

டக் கட்டிங் 1999இல் எழுதி, 2001இல் அப்பாச்சி அறக்கட்டளைக்குச் சென்ற லூசீன் என்ற தேடல் நூலகத்தில் வினவலுக்கு இரண்டு வழிகள் உண்டு. பயனர் தட்டும் சரத்தைப் பாகுபடுத்தி வினவலாக மாற்றுவது ஒன்று. வினவல் பொருள்களை நிரலிலேயே நேரடியாகக் கோத்து ஒரு மரமாக அமைப்பது மற்றொன்று. நிரலால் சரம் தயாரித்து, அதையே திரும்பப் பாகுபடுத்துவதைவிட இரண்டாம் வழியே மேல் என்று லூசீனின் ஆவணமே அறிவுறுத்துகிறது. ஆனால் சரத்தை ஒட்டுவது எளிது. பலரும் அதையே செய்தார்கள். விளைவைப் பார்க்கலாம். புத்தக நூலகம் ஒன்றின் தேடல் பெட்டியில் ஒருவர் ‘பொன்னியின் செல்வன்: பாகம் 2’ என்று தட்டினால், முக்காற்புள்ளிக்கு முன்னுள்ள ‘செல்வன்’ என்பதை லூசீனின் பழைய பாகுபடுத்தி ஒரு புலத்தின் பெயராக எடுத்துக்கொள்ளும். அப்படியொரு புலம் இல்லை. பிழைச் செய்தியும் வராது. குறியீடுகளுக்கு முன் பின்சாய்கோடு சேர்த்து இதைச் சமாளிக்கலாம். ‘சென்னை OR மதுரை AND ரயில்’ என்பதை அப்படிச் சமாளிக்க முடியாது. தருக்க விதிப்படி சென்னை மட்டும் உள்ள ஆவணமும் வர வேண்டும். அந்தப் பாகுபடுத்தியோ மதுரையையும் ரயிலையும் கட்டாயமாக்கிவிட்டு, சென்னையை மதிப்பெண் கூட்டும் விருப்பச் சொல்லாக ஒதுக்கிவிடும். மரமாகக் கட்டியிருந்தால் எது எதற்குள் அடங்குகிறது என்பதில் ஐயத்துக்கே இடமிருக்காது.

2010இல் ஷே பேனன் வெளியிட்ட, லூசீனின் மேல் எழுந்த எலாஸ்டிக்சர்ச் தேடுபொறி அந்த மரத்தையே ஜேசனாக ஏற்றுக்கொண்டது. அப்படியென்றால் தனி நூலகம் எதற்கு என்று கேட்கலாம், நியாயமான கேள்விதான். ஜேசன் மரத்தின் வடிவத்தைத் தந்தது, மரத்தைப் படிப்படியாக வளர்க்கும் வழியைத் தரவில்லை. ஒரு கடைத் தளத்தில் விலை வரம்பு, பிராண்டு, இருப்பு ஆகிய மூன்றில் எதை வேண்டுமானாலும் வாடிக்கையாளர் தேர்ந்தெடுக்கலாம், விட்டும்விடலாம். இதை ஜேசன் வார்ப்புரு உரையில் எழுதினால் காற்புள்ளி எங்கே விழும் என்று கவலைப்பட வேண்டும். மீண்டும் சரம் ஒட்டும் வேலைதான். பைத்தானுக்காக ஹோன்சா க்ரால் உருவாக்கிய எலாஸ்டிக்சர்ச்-டிஎஸ்எல் இதற்குத் தந்த விடை கச்சிதமானது. இரண்டு வினவல்களை ஒரு குறியால் இணைத்தால் மூன்றாவது கிடைக்கும். தேடல் பொருளில் வினவலையோ வடிகட்டியையோ சேர்த்தால் அது தன்னை மாற்றிக்கொள்ளாமல் ஒரு நகலைத் திருப்பித் தரும். பொதுவான அடிப்படைத் தேடலொன்றைப் பல கோரிக்கைகள் பகிர்ந்துகொண்டாலும் ஒன்றின் வடிகட்டி இன்னொன்றில் ஒட்டாது.

இந்நூலகங்கள் பொறியை மறைக்கின்றன, பதிப்பு மாறினால் உடைகின்றன என்ற மறுப்பு உண்டு. இரண்டாம் பகுதியை முதலில் எடுத்துக்கொள்வோம். 2015இல் வந்த எலாஸ்டிக்சர்ச் 2.0, வினவலையும் வடிகட்டியையும் ஒன்றாக்கி, ‘ஃபில்டர்டு’ என்ற பழைய வினவலைக் கைவிடுவதாக அறிவித்தது; 5.0இல் அது நீக்கப்பட்டது. கையால் எழுதிய ஜேசனும் அப்போது உடையத்தான் செய்தது. நூலகம் வைத்திருந்தவர் ஓரிடத்தில் திருத்தினார், மற்றவர் எழுதிய இடமெல்லாம் தேடித் திருத்தினார். மறைத்தல் பற்றிய முதல் பகுதி கனமானது. டாட்நெட்டுக்கான நெஸ்ட் நூலகத்தில், மதிப்பு காலியாக இருந்தால் அந்த நிபந்தனையையே ஓசையின்றி விட்டுவிடும் இயல்பு இருந்தது. கடைத் தளத்துக்கு இது வரப்பிரசாதம். ஆவணத்தைப் பார்க்க யாருக்கு உரிமை என்று தீர்மானிக்கும் வடிகட்டியில் மதிப்பு காலியாகிப்போனால், பார்க்கக் கூடாதவையும் சேர்ந்து வரும். இதைத் தடுக்கத் தனிக் குறிப்புகளை நெஸ்ட் தந்தது உண்மை. ஆனால் தவறினால் கதவு திறந்துகொள்ளும் இயல்பை முன்னிருப்பாக வைத்ததை என்னால் ஏற்க முடியவில்லை. நூலகம் கட்ட வேண்டும். பயனருக்காக முடிவெடுக்கக் கூடாது. பைத்தான் நூலகத்தில் கட்டிய மரத்தை அனுப்பும் முன் அகராதி வடிவில் அச்சிட்டுப் பார்க்க முடிகிறது என்பதால் அங்கே இந்த மறுப்பு வலுவிழக்கிறது.

எலாஸ்டிக்சர்ச்சில் 2023இல் முன்னோட்டமாக வந்த இஎஸ்க்யூஎல், குழாய்க் குறியால் கட்டளைகளை வரிசையாகக் கோக்கும் சர மொழி. சரமே திரும்பிவிட்டதே, நூலகங்களின் காலம் முடிந்ததா என்று இதை வைத்துக் கேட்கலாம். திரையின் முன் அமர்ந்து தரவை அலசுபவருக்கு அது மிகப் பொருத்தம். லூசீனின் முதல் வழியும் அவரைப் போன்றவருக்கானதே. ஆனால் அந்த மொழியிலும் பயனர் தரும் மதிப்புகளைக் கேள்விக்குறியால் இடம் விட்டுத் தனியே அனுப்பும் ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது. மதிப்புகள் அப்படிப் பிரிந்த பின்னும், எந்தக் கட்டளை சேர வேண்டும், எது விடுபட வேண்டும் என்பதைப் பயனரின் தெரிவுக்கேற்ப நிரலே கோக்க வேண்டியிருக்கிறது.