மாறுதிசை மின்சுற்றில் மின்தூண்டி

மின்தூண்டி என்பது காப்பிட்ட செம்புக் கம்பியைப் பல சுற்றுகள் சுற்றிச் செய்யும் மின்னுறுப்பு. சுருளின் நடுவே இரும்புத் தகடுகளோ ஃபெரைட்டோ இருக்கலாம். ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். மின்பணியாளர்கள் இதைச் சோக் என்பார்கள். நிலையான நேர்த்திசை மின்னோட்டம் பாயும்போது இது வெறும் கம்பிதான்; மாறுதிசை மின்னோட்டத்தில்தான் இதன் குணம் வெளிப்படும்.

சுருளில் பாயும் மின்னோட்டம் மாறினால் அதன் காந்தப் பாயமும் மாறி, அதே சுருளில் ஒரு மின்னியக்கு விசையைத் தூண்டுகிறது. இதுவே தன்மின்தூண்டல். தூண்டப்படும் விசை, தன்னை உண்டாக்கிய மாற்றத்தையே எதிர்க்கும் என்பது 1834இல் லென்ஸ் வகுத்த விதி. தன்மின்தூண்டலைப் பற்றி 1832இல் எழுதி வெளியிட்ட அமெரிக்க இயற்பியலாளர் ஜோசப் ஹென்றியின் பெயரே, ஒரு சுருளின் தன்மின்தூண்டல் அளவைக் காட்டும் தூண்டல் எண்ணின் அலகாக வழங்குகிறது. ஆக, மின்தூண்டி எதிர்ப்பது மின்னோட்டத்தை அன்று, மின்னோட்டம் மாறுவதை.

தூய மின்தூண்டியில் மின்னழுத்தத்தைவிட மின்னோட்டம் 90 பாகை பின்தங்கும். 50 ஹெர்ட்ஸில் ஒரு சுற்றுக்கு 20 மில்லி விநாடி ஆவதால், இந்தப் பின்னடைவு 5 மில்லி விநாடி. மின்னோட்டம் எங்கோ வழியில் தாமதித்து வருகிறது என்று இதற்குப் பொருளில்லை. மின்னோட்டம் சுழியைக் கடக்கும் கணத்தில்தான் அது மிக வேகமாக மாறுகிறது. மின்னழுத்தம் அப்போது உச்சத்தில் இருக்கும். மின்னோட்டம் உச்சத்தைத் தொடும் கணத்தில் மாற்றம் ஏதுமில்லை; மின்னழுத்தம் சுழி. இரண்டு அலைகளையும் ஒரே தாளில் வரைந்து பார்ப்பவருக்குச் சூத்திரமே தேவைப்படாது.

எதிர்ப்பின் அளவு மின்மறுப்பு எனப்படும். பை, அதிர்வெண், தூண்டல் எண் ஆகியவற்றின் பெருக்கற்பலனை இரட்டித்தால் அது ஓமில் கிடைக்கும். 0.5 ஹென்றி தூண்டல் எண்ணும் 10 ஓம் கம்பித்தடையும் கொண்ட ஒரு சுருளை எடுத்துக்கொள்வோம். 230 வோல்ட் நேர்த்திசையில் அது 23 ஆம்பியர் இழுத்து, 5,290 வாட்டை வெப்பமாக்கும். சில நொடிகளில் புகையத் தொடங்கும். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மாறுதிசையிலோ மின்மறுப்பு 157 ஓம். தடையையும் மின்மறுப்பையும் நேராகக் கூட்டக் கூடாது. இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் காண வேண்டும். பாயும் மின்னோட்டம் சுமார் 1.46 ஆம்பியர், வீணாகும் திறன் ஏறத்தாழ 21 வாட் மட்டுமே.

மின்தடை ஆற்றலை வெப்பமாக்கித் தொலைக்கிறது. மின்தூண்டி அதைக் காந்தப்புலத்தில் சேர்த்து வைத்து, அடுத்த கால் சுற்றில் மின்வழிக்கே திருப்பிவிடுகிறது. பழைய டியூப் லைட்டில் மின்னோட்டத்தை மட்டுப்படுத்தச் சோக்கை வைத்ததன் காரணம் இதுதான். ஸ்டார்ட்டர் திறக்கும் கணத்தில் குழாயைப் பற்றவைக்கும் உயர் மின்னழுத்த வீச்சும் அதே சோக்கிலிருந்தே வரும். அந்தச் சோக்கின் உறுமல், இரும்புத் தகடுகள் நொடிக்கு 100 முறை அதிர்வதன் ஒலி.

அதிர்வெண் கூடினால் மின்மறுப்பும் கூடும். 1 மில்லி ஹென்றி சுருள் 50 ஹெர்ட்ஸில் 0.3 ஓம்தான் காட்டும். 1 மெகா ஹெர்ட்ஸில் 6,283 ஓம். தாழ் அதிர்வெண்ணை விட்டு உயர் அதிர்வெண்ணைத் தடுக்கும் வடிகட்டிகள் இந்தக் குணத்தை நம்பியவை. மிக உயர்ந்த அதிர்வெண்களில் சுற்றுகளுக்கிடையே உள்ள மின்தேக்குத்திறன் குறுக்கிடுவதால் நடைமுறைச் சுருள்கள் இந்தக் கணக்கிலிருந்து விலகும்.

மின்தூண்டி ஆற்றலைச் சேர்த்துத் திருப்பிவிடுவதில் ஒரு செலவும் உண்டு. போய்த் திரும்பும் ஆற்றல் வேலை எதுவும் செய்யாவிட்டாலும், அதற்கான மின்னோட்டத்தை மின்கம்பிகள் சுமந்தே ஆக வேண்டும். அங்கே இழப்பு கூடும். மோட்டார்கள் மிகுந்த ஆலைகளில் திறன் காரணி, அதாவது மொத்தத் திறனில் உண்மையில் வேலை செய்யும் பங்கு, தாழ்வது இதனால்தான். மின்தூண்டிக்கு நேர்மாறான கட்டம் கொண்ட மின்தேக்கிகளை இணையாகப் பூட்டி அதைச் சரிசெய்கிறார்கள்.

மாறுதிசைக்கென்று செய்த மின்மாற்றியையோ ரிலே சுருளையோ அதே வோல்ட் அளவுள்ள நேர்த்திசையில் இணைக்க வேண்டாம். கம்பித்தடை ஒன்றே காவலாக மிஞ்சுவதால் சுருள் கருகிவிடும்.